அயோடின் குறைபாடு: உப்பு ஜாடி முதல் மாத்திரை வரை

"தைராய்டு இருக்கு" என்று சொன்னவுடன் அயோடின் சொட்டு மருந்தை வாங்கிக் குடிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, அயோடின் குறைந்தாலும் கெடும், அளவுக்கு மிஞ்சினாலும் கெடும். நாளொன்றுக்கு வேண்டியது வளர்ந்தவருக்கு 150 மைக்ரோகிராம்; அதாவது ஒரு கிராமில் ஏறக்குறைய ஏழாயிரத்தில் ஒரு பங்கு. சில சொட்டு மருந்துகளின் ஒரே ஒரு சொட்டில் இதைப் போல நாற்பது மடங்கு இருக்கிறது. அதனால் சோதிக்கும் வரிசை முக்கியம். முதலில் வீட்டு உப்பு, அடுத்து சாப்பாடு, பிறகு ரத்தம், தேவைப்பட்டால் சிறுநீர். மாத்திரை எல்லாவற்றுக்கும் பிறகு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரித் தேவை இது: ஐந்து வயது வரை 90 மைக்ரோகிராம், 6 முதல் 12 வயது வரை 120, அதற்கு மேல் 150, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250. உடலில் மொத்தம் 15 முதல் 20 மில்லிகிராம் அயோடின் இருப்பில் உண்டு, அதில் பெரும்பகுதி தைராய்டிலேயே சேர்ந்திருக்கும். ஆகவே நான்கு நாள் வெளியூர்ச் சாப்பாடு சாப்பிட்டதால் குறைபாடு வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே பழக்கம் தொடரும்போதுதான் வரும்.

படி 1: உப்பைச் சோதியுங்கள்

"கடல் உப்புதானே, அயோடின் இல்லாமலா இருக்கும்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 50 முதல் 60 மைக்ரோகிராம் அயோடினும் 35 கிராம் அளவுக்கு உப்புகளும் இருக்கின்றன. அத்தனை அயோடினும் உப்போடு ஒட்டிக்கொண்டால்கூட கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம் தேறாது. பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி ஆவியாகவோ கழிவுநீரோடோ போய்விடுகிறது. இந்துப்பு, பாறை உப்பு, கலப்பில்லாத கல் உப்பு எல்லாவற்றிலும் இதே நிலைதான். அயோடின் வேண்டுமானால் அதை உப்பில் சேர்த்தாக வேண்டும். இந்தியாவில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். கடைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

உப்பு விளையும் மாநிலம்தான் இதில் பின்தங்கியிருக்கிறது. 2018–19 இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் இதுதான் மிகக் குறைவு. உப்பளம் பக்கத்தில் இருப்பதால் சாக்கு மூட்டையில் சில்லறையாக வரும் கல் உப்பு இங்கே மலிவு, பழக்கமும் அதுதான். கழலை (அயோடின் குறைவால் தைராய்டு வீங்கிக் கழுத்து பருப்பது) என்றால் இமயமலைப் பக்கத்து நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. 1956 இல் தொடங்கிய ஆய்வில், இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பு கொடுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டினார்கள். 1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அன்று கவனம் மலையடிவாரத்தில் இருந்தது. இன்று கடற்கரை மாவட்டங்களும் அதே கவனத்தைக் கேட்கின்றன.

வீட்டில் செய்ய எளிய முறை சோதனைக் கிட். களப்பணியாளர்கள் பயன்படுத்தும் எம்.பி.ஐ. நிறுவனக் கிட்டில் ஒரு சோதனைக் கரைசல், ஒரு மறுசோதனைக் கரைசல், ஒரு வண்ண அட்டை இருக்கும். செய்முறை:

1. ஜாடியின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் உப்பெடுத்துக் கலந்துகொள்ளுங்கள். கல் உப்பானால் பொடியுங்கள். அதில் அயோடேட்டைத் தெளித்துத்தான் கலக்கிறார்கள், எனவே ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் அளவு மாறும்.
2. ஒரு தேக்கரண்டி உப்பை வெள்ளைத் தட்டில் பரப்பித் தட்டையாக்குங்கள்.
3. சோதனைக் கரைசலை நன்றாகக் குலுக்கி இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நீலம் அல்லது ஊதா படர்ந்தால் அட்டையோடு ஒப்பிடுங்கள்.
4. நிறம் வராவிட்டால் உடனே முடிவு கட்டாதீர்கள். காரத்தன்மை உள்ள உப்பில் முதல் கரைசல் வேலை செய்யாது. புதிதாக உப்பெடுத்து, மறுசோதனைக் கரைசலில் ஐந்து சொட்டு விட்டு, அதே இடத்தில் சோதனைக் கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். இப்போதும் வெள்ளையாகவே இருந்தால் அயோடின் இல்லை.

இந்தக் கிட் "இருக்கிறதா, இல்லையா" என்பதை நம்பகமாகச் சொல்லும். 15 பிபிஎம்மா 25 பிபிஎம்மா என்பதில் அதை நம்ப வேண்டாம். காலாவதியான கரைசல் நல்ல உப்பையும் வெள்ளையாகவே காட்டும். அதனால் அயோடின் உண்டென்று தெரிந்த ஒரு புதுப் பாக்கெட்டை முதலில் சோதித்து, கரைசல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு எல்லையும் உண்டு. கிட் அயோடேட்டுக்கானது. அமெரிக்காவில் விற்கும் அயோடின் உப்பில் பொட்டாசியம் அயோடைடு இருக்கும், கிராமுக்கு 45 மைக்ரோகிராம் அயோடின் என்ற அளவில். அது இந்தக் கிட்டில் நிறம் காட்டாது.

கிட் கிடைக்காதவர்கள் உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டி, உப்பைத் தூவி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். நீலம் வந்தால் அயோடின் இருக்கிறது. வராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எலுமிச்சையின் வைட்டமின் சி கூடிவிட்டால் அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும்.

துல்லியமான எண் வேண்டுமானால் ஆய்வகத்தில் அயோடோமெட்ரி முறை. பத்து கிராம் உப்பை நீரில் கரைத்து, கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் வைப்பார்கள். பிறகு 0.005 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம்பார்ப்பார்கள். கடைசியில் ஸ்டார்ச் சேர்த்து நீலம் மறையும் இடத்தைக் குறிப்பார்கள். செலவான ஒவ்வொரு மில்லிலிட்டர் தயோசல்பேட்டும் 10.58 பிபிஎம்முக்குச் சமம். ஒரு பள்ளி விடுதிக்கோ சத்துணவுக் கூடத்துக்கோ மூட்டையாக வாங்குகிறவர்கள் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

உப்பு நல்லதாக இருந்தும் சமையலறையில் அயோடின் தொலைவது தனிக் கதை. கல் உப்பை அழுக்குப் போகக் கழுவிக் காயவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மேலே தெளித்த அயோடேட் முதல் கழுவலிலேயே ஓடிவிடும். திறந்த ஜாடியில் ஈரம் கோத்த உப்பிலும் அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடியுள்ள ஜாடி, அடுப்பிலிருந்து ஒதுக்கமான இடம், ஈரம் படாத கரண்டி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீரும் பாக்கெட் போதும். கொதிக்கும் குழம்பில் தொடக்கத்திலேயே போடுவதைவிட இறக்கும்போது போட்டால் இழப்பு குறையும். பயறு, கிழங்கு வேக உப்பு போட்டு அந்த நீரை வடித்துக் கொட்டினால் அயோடினும் அதோடு போகும்.

படி 2: தலைக்கு எவ்வளவு கிடைக்கிறது?

வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 25 நாள் வந்தால் தலைக்கு நாளுக்கு 10 கிராம். உப்பில் 15 பிபிஎம் இருந்தால் 150 மைக்ரோகிராம். சமையல் இழப்பாகக் கால் பங்கைக் கழித்தால் 110 சொச்சம். பால், முட்டை, கடல் மீன் மிச்சத்தை நிரப்பிவிடும். இரத்த அழுத்தத்துக்காக ஒருவர் 5 கிராமில் நிறுத்தினால் கதை மாறும். அதே உப்பில் 75 மைக்ரோகிராம், இழப்புப் போக 56. அதற்காக உப்பைக் கூட்டச் சொல்லவில்லை, கூட்டவே கூடாது. உப்பைக் குறைப்பவர் அயோடின் சரியாக உள்ள உப்பையே வாங்க வேண்டும், பால் மீன் முட்டையில் ஏதேனும் ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும்.

எனவே யாருக்கு ஆபத்து என்பது இப்போது தெளிவாகும். இந்துப்புக்கு மாறியவர்கள், மூட்டைக் கல் உப்பு மட்டும் பயன்படுத்துகிறவர்கள், பாலையும் முட்டையையும் மீனையும் முற்றிலும் விட்டவர்கள், இவற்றோடு கர்ப்பமாகவும் இருக்கிறவர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளுக்குப் போன தமிழர்களும் இந்த வரிசையில் வரலாம். அங்கே கடை உப்பில் பெரும்பாலும் அயோடின் கிடையாது, மக்களுக்கு அது முக்கியமாகப் பாலிலிருந்தே வருகிறது. பாலை விட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறினால், அயோடின் சேர்த்ததா என்று லேபிளில் பார்க்க வேண்டும். இலங்கையில் 1995 முதலே உப்பில் அயோடின் சேர்ப்பது சட்டம்.

மரவள்ளிக்கிழங்கு, முட்டைக்கோஸ், கம்பு இவற்றில் அயோடின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர் இவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மரவள்ளியை நன்றாக வேகவைத்து நீரை வடித்துவிட்டால் போதும். இதைவிடக் கவலைப்பட வேண்டியது ரத்தசோகை. தைராய்டு ஹார்மோனைக் கட்டும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்பு இல்லாத உடலில் அயோடின் கொடுத்தாலும் முழுப் பலன் கிடைக்காது. நம் பெண்களிடம் ரத்தசோகை பரவலாக இருப்பதால், தைராய்டு பார்க்கும்போதே ஹீமோகுளோபினையும் பார்ப்பது நல்லது.

படி 3: கழுத்து, ரத்தம்

கண்ணாடி முன் நின்று, தலையை நேராக வைத்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் வீக்கம் தைராய்டுடையது. தொட்டால் மட்டும் தெரிவது முதல் நிலைக் கழலை, தலை நேராக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் நிலை. ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமானாலோ அயோடினைப் பற்றி யோசிக்காமல் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும்.

ரத்தத்தில் மூன்று சோதனை போதும்: டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது கூடும்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), ஆன்டி டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருள்). பலர் முதல் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துகிறார்கள். அயோடின் குறைபாட்டை அது காட்டவே காட்டாமல் போகலாம். குறைபாடு மெல்ல வரும்போது தைராய்டு தன்னைப் பெரிதாக்கிக்கொண்டும், நான்கு அயோடின் அணு உள்ள டி4-க்குப் பதில் மூன்று அணு உள்ள டி3-யைக் கூடுதலாகச் செய்தும் சமாளிக்கும். டி.எஸ்.எச். சரியாக இருக்கும், கழுத்து மட்டும் பருத்திருக்கும்.

ரத்தம் கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் 5 அல்லது 10 மில்லிகிராம் எடுப்பவர்களுக்கு, பல ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் வரும். குறைவாக வேலை செய்யும் தைராய்டு, அதிகமாக வேலை செய்வதுபோல் அறிக்கையில் தெரியும். குறைந்தது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். தைராக்சின் (தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் மருந்து) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும்.

டி.எஸ்.எச். கூடியிருந்து ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் அது ஹாஷிமோட்டோ, உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். அயோடின் உப்பு பரவலான ஊர்களில் தைராய்டு குறைவாக வேலை செய்வதற்கு முதல் காரணம் இதுதான். இதற்கு அயோடின் மருந்தல்ல, கூடுதலாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். டி.எஸ்.எச். 10-க்கு மேல் போனால் பொதுவாகத் தைராக்சின் தொடங்குவார்கள். "முதலில் அயோடின் முயன்று பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது தவறு, கர்ப்ப காலத்தில் பெரும் தவறு.

ஆன்டிபாடி நெகட்டிவ், டி.எஸ்.எச். சற்றே அதிகம், டி4 சரி, உப்பில் அயோடின் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். உப்பை மாற்றி மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். குறைந்திருந்தால், அதுவும் நெடுநாள் கழலை உள்ள வயதானவர் என்றால், அயோடின் மாத்திரை பக்கமே போகக் கூடாது. அந்தக் கழலையில் சில முடிச்சுகள் கட்டுப்பாடின்றி ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கலாம். அயோடின் கிடைத்ததும் அவை வேகமெடுத்து, நெஞ்சுப் படபடப்பும் சீரற்ற இதயத் துடிப்பும் வரும்.

படி 4: சிறுநீர் அயோடின்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சாப்பிடும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் வந்துவிடும். அதனால்தான் ஒரு ஊரின் நிலையைச் சிறுநீரை வைத்துக் கணிக்கிறார்கள். இடைநிலை மதிப்பு (எல்லோருடைய அளவுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் அந்த மக்கள்தொகைக்குப் போதும். 100-க்குக் கீழே குறைபாடு. 20-க்குக் கீழே கடும் குறைபாடு. 300-க்கு மேல் மிகை. கர்ப்பிணிகளுக்கு 150 முதல் 249 வேண்டும்.

இந்த எண்களைத் தனியொருவர் அறிக்கையில் பொருத்திப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இடைநிலை மதிப்பு கூட்டத்துக்கு உரியது. தண்ணீர் நிறையக் குடித்து நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழிப்பவருக்கு லிட்டருக்கு 80 வந்தால் பார்க்கக் குறைவு, ஆனால் நாளுக்கு 200 மைக்ரோகிராம் வெளியேறியிருக்கிறது. சித்திரை வெயிலில் வியர்த்து ஒரு லிட்டர் மட்டும் கழிப்பவருக்கு 110 வந்தால் பார்க்க நிறைவு, உண்மையில் போதாது. நேற்று மீன், இன்று ரசம் என்று சாப்பாடும் மாறும். ஒருவரின் நிலையை ஓரளவு துல்லியமாகச் சொல்ல பத்து மாதிரிகள் வரை வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரிதான் முடியும் என்றால் 24 மணி நேரச் சேகரிப்பு எடுங்கள். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் வரும் எல்லாவற்றையும் மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட ஒரே பாத்திரத்தில் சேர்த்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, மொத்த அளவைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வெளியேறிய மொத்த அயோடினை 0.92-ஆல் வகுத்தால் அன்றைய உட்கொள்ளல். பெட்டாடின் போன்ற அயோடின் கிருமிநாசினியைச் சேகரிக்கும் நாட்களில் உடலில் எங்கும் பயன்படுத்தக் கூடாது. சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் உள்ள மருந்து ஏற்றியிருந்தால் இரண்டு மாதம் கழித்துத்தான் சோதனை. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தச் சோதனையே பொருளற்றது, 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது.

கையில் அயோடின் டிங்சர் தடவி எத்தனை மணி நேரத்தில் மறைகிறது என்று பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். அயோடின் காற்றில் ஆவியாகும். தோலின் சூடும் ஈரமும் அந்த நேரத்தை மாற்றும். உடலின் குறைபாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 50 மில்லிகிராம் விழுங்கி, 90 சதவீதம் வெளியே வராவிட்டால் குறைபாடு என்று சொல்லும் 'லோடிங்' சோதனை இன்னும் மோசம். நலமான உடலிலும் 24 மணி நேரத்தில் அத்தனை வெளியேறிவிட வேண்டும் என்பதில்லை. சோதனையின் பெயரால் 333 நாள் அயோடின் ஒரே மூச்சில் உள்ளே போய்விடுகிறது.

படி 5: ஈடுசெய்தல்

பெரும்பாலான வீடுகளுக்குச் சிகிச்சை உப்புப் பாக்கெட்டை மாற்றுவதுதான். கல் உப்பின் சுவை வேண்டும் என்பவர்களுக்கு அயோடின் கலந்த கல் உப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது, கழுவாமல் பயன்படுத்துங்கள்.

மாத்திரை தேவைப்படுவது முக்கியமாகக் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்களில் உப்பும் உணவும் போதாதவர்களுக்கு. அரசு தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. மகப்பேறு மல்டிவிட்டமின்களிலும் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான அளவு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின், பொட்டாசியம் அயோடைடாக. லேபிளில் "பொட்டாசியம் அயோடைடு 196 மைக்ரோகிராம்" என்றிருந்தாலும் அதே 150 தான். அந்த உப்பின் எடையில் 76 சதவீதம்தான் அயோடின். கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் டி4-ஐ நம்பியே வளர்வதால், கர்ப்பம் உறுதியானபின் தொடங்குவதைவிடச் சில மாதம் முன்பே தொடங்குவது நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்பு சேர்க்கக் கூடாது. அதற்கு அயோடின் முக்கியமாகத் தாய்ப்பால் வழியாகத்தான். அதனால் தாய் பிரசவத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

லேபிளில் மைக்ரோகிராம், மில்லிகிராம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 5 சதவீத லூகால் கரைசல் என்ற அயோடின் சொட்டு மருந்தில் ஒரு சொட்டு சுமார் 6 மில்லிகிராம், அதாவது நாற்பது நாள் அளவு. கதிர்வீச்சு விபத்துக்கென வைத்திருக்கும் 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை வேறொரு காரியத்துக்கானது. கெல்ப் கடற்பாசி மாத்திரைகளில் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு ஐரோப்பாவில் 600 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 1,100. திடீரென அதிகம் போனால் தைராய்டு ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்திவிடும். 1948 இல் கண்டறியப்பட்ட உல்ஃப்–சைகாஃப் விளைவு அது. நலமான தைராய்டு சில நாளில் மீண்டுவிடும். ஹாஷிமோட்டோ உள்ளது மீளாமல் அப்படியே மந்தமாகிவிடக்கூடும்.

ஹாஷிமோட்டோ, கிரேவ்ஸ் (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்), தைராய்டு முடிச்சு உள்ளவர்களும், லித்தியம் (மனநல மருந்து) அல்லது அமியோடரோன் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அயோடின் மாத்திரை தொடங்கக் கூடாது. அவர்கள் அயோடின் உப்பை விட வேண்டியதில்லை, சமையல் அளவு அவர்களுக்கும் ஏற்றதே. தைராக்சின் சாப்பிடுகிறவர் அயோடினை நம்பி அதை நிறுத்தக் கூடாது. தைராய்டை முழுதும் அகற்றியவருக்கு அயோடின் மாத்திரையால் பயனே இல்லை. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் போகிறவருக்கு மட்டும், மருத்துவமனை சொல்லும் ஒன்றிரண்டு வாரத்துக்கு, அயோடின் இல்லாத உப்பு வேண்டும்.

மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., டி4 மறுபடி எடுங்கள். நடுவில் படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு வந்தாலோ, அதற்கு மாறாக உடல் கனத்து முகம் உப்பினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் கொடுங்கள். பருத்த கழுத்து இறங்க மாதங்கள் ஆகும். குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் நன்றாகச் சுருங்கும். பல வருடக் கழலை பாதியில் நின்றுவிடுவது உண்டு. அது மாத்திரையைக் கூட்டுவதற்கான காரணமல்ல, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதற்கான காரணம்.